பத்திராதிபர் லாங்லி

பத்திரிகை நடத்துவது எத்தகைய பாடு என்பதை நமது நேயர்களுக்கு நாம் விஸ்தரித்துக் கூற வேண்டுவதில்லை. பொதுக்காரியங்களில் இறங்கியவர்களுள், ஏதேனும் ஒரு வாரப் பதிப்பையோ மாத வெளியீட்டையோ சிறிது காலமாவது தலையில் சுமந்து பாராதவர் மிகச் சிலரே. சந்தா வராது, காகிதக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார், அச்சுக்கூலி பாக்கி நிற்கும், எழுதுகிறவரோ தாம் எழுதியதில் ஓர் எழுத்தும் குறைக்கலாகாது என்பார். இவை ராஜீயப் பத்திரிகைகளுக்கே உரிய சங்கடங்கள் என்றும், சாஸ்திரப் பத்திரிகைகள் சர்வகலாசாலைகளின் நிழலில் சுகமாக வாழ்கின்றன என்றும் பலர் எண்ணியிருக்கின்றனர். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒரு பேராசிரியர், கடனில் ஆழ்ந்து கிடந்த சாஸ்திரப் பத்திரிகை ஒன்றைத் தம் சொந்த உடைமையாக ஏற்று, முப்பத்தோராண்டு காலம் தாமே நடத்தி, அதன் ஆசனத்திலிருந்தே உயிர் துறந்தார். அவர் வரலாற்றை அறிவோர் அவ்வெண்ணத்தைக் கைவிடுவர்.

ஜான் நியூபோர்ட் லாங்லி என்னும் அவரது பெயர் வைத்தியக் கலாசாலை மாணவருக்குப் பழக்கமானதே. இருதயம், குடல், சுரப்பிகள் முதலியவற்றை நமது விருப்பத்தைக் கேளாமலே இயக்கும் நரம்புகளைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் என்று அவர்கள் அறிவர். அவர் பத்திராதிபராகச் செய்த பணியை அறிந்தவர் சிலரே. அதையே நாம் இங்கு முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

லாங்லி 1852-ம் வருஷம் நவம்பர் மாதம், பெர்க்ஷயரைச் சேர்ந்த நியூபரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்திய உபாத்தியாயர். லாங்லி எக்ஸெட்டரில் கல்வி பயின்று, 1871-ல் கேம்பிரிட்ஜிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவர் நாடியது சாஸ்திரமன்று, சிவில் சர்விஸ். சொந்த நாட்டிலேனும் இந்தியாவிலேனும் உத்தியோகம் பெறவேண்டுமென்று கருதிக் கணிதமும் சரித்திரமும் படித்துக்கொண்டிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறியிருப்பின், நமது ஜில்லா ஒன்றில் கலெக்டராக அமர்ந்து, ஜமாபந்தி நடத்தி, பென்ஷனுடன் ஊர் திரும்பியிருப்பார். அவ்வாறு நேராமல் தடுத்தவர் மைக்கேல் பாஸ்டர்.

பாஸ்டரைப் பற்றிச் சிறிது கூறாமல் லாங்லியின் கதையைத் தொடர இயலாது. அவர் ஹண்டிங்டன் ஊர் வைத்தியர் ஒருவரின் மகன்; ராஜாங்கச் சமயத்திற்குப் புறம்பான கிறிஸ்தவக் குடும்பத்தவர். அத்தகையோருக்குக் கேம்பிரிட்ஜின் பதவிகளும் மரியாதைகளும் 1871-ல் சட்டம் மாறும் வரை எட்டாக்கனியாகவே இருந்தன. 1870-ல் ஹக்ஸ்லியின் சிபார்சின்பேரில் டிரினிட்டி கல்லூரி அவரைச் சரீர சாஸ்திர போதகராக அழைத்துக்கொண்டது. உடலின் உறுப்புக்கள் எவ்விதம் தொழில் புரிகின்றன என்பதைச் சோதனை வாயிலாக ஆராயும் அந்தச் சாஸ்திரத்தில், அக்காலத்து இங்கிலாந்து ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மிகவும் பின்தங்கியிருந்தது. அதை முன்னேறச் செய்வதே பாஸ்டரின் நோக்கம். பெரிய சோதனைகள் பலவற்றைத் தாமே செய்து புகழ் பெறுவதைவிட, மாணவரைத் தூண்டி வேலையில் இறக்குவதில் அவர் இணையற்றவர். அவர் பிரசங்கங்களைக் கேட்ட லாங்லி, இரண்டாம் வருஷத்தில் சிவில் சர்விஸ் ஆசையை விடுத்து இயற்கைச் சாஸ்திரத்திற்கு மாறினார். 1874-ல் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த வருஷம் பாஸ்டரின் சோதனைச்சாலையில் உதவியாளரானார்.

அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை அற்பமானது போல் தோன்றும். ஜாபரண்டி என்ற தென்னமெரிக்கச் செடியின் சாரத்தில் சிறிதளவை பாஸ்டர் அவரிடம் கொடுத்து, அது உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார். அது இருதயத்தின் துடிப்பைத் தாழ்த்துவதையும், உமிழ்நீரைப் பெருகச் செய்வதையும் லாங்லி கண்டார். உமிழ்நீரிலிருந்து சுரப்பிகளுக்கும், சுரப்பிகளிலிருந்து அவற்றை ஆளும் நரம்புகளுக்கும் சென்ற அவரது ஆராய்ச்சி, ஐம்பது வருஷம் அறாமல் நீண்டது. சுரப்பி ஓய்ந்திருக்கையில் அதன் அணுக்களில் நுண்ணிய மணிகள் சேர்கின்றன என்றும், வேலை செய்கையில் அவை செலவாகின்றன என்றும் அவர் நிரூபித்தார். சாயமேற்றிய செத்த துண்டுகளைக் கண்டு பெரிய ஜெர்மன் நிபுணர்கள் செய்திருந்த முடிவை, உயிருள்ள சுரப்பியையே கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து அவர் மறுத்தார். தாம் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூறாத நிதானம் அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது. பின்னாளில் பிறர் கட்டுரைகள் அவர் மேஜைக்கு வந்தபோது, அதே அளவுகோலையே அவற்றின்மீதும் வைத்தார்.

இனிப் பத்திரிகைக்கு வருவோம். பாஸ்டர் கேம்பிரிட்ஜுக்கு வந்த காலத்தில், ஆங்கில மொழியில் சரீர சாஸ்திரத்திற்கென்றே ஏற்பட்ட பத்திரிகை கிடையாது. உடற்கூற்று நூலோர் நடத்திய வெளியீட்டில் ஒரு மூலையில் இடம் கேட்க வேண்டும். அல்லது ஜெர்மானியர் தயவை நாட வேண்டும். ஜெர்மனியிலோ, பிளூகர் 1868-ல் தொடங்கிய பத்திரிகை ஒன்றே வருஷந்தோறும் பெருந்தொகுதிகளாக வெளிவந்துகொண்டிருந்தது. தனக்கென்று பத்திரிகை இல்லாத சமூகத்தின் அறிவு, பிறர் வீட்டுத் திண்ணையில் தங்கும் வழிப்போக்கனைப் போன்றது. எப்போது எழுப்பிவிடுவார்களோ தெரியாது. இந்நிலையை மாற்ற, 1878-ல் பாஸ்டர் ஜர்னல் ஆப் பிஸியாலஜி என்னும் பத்திரிகையைத் தோற்றுவித்தார். பணம் கொடுத்தவர் அவரது மாணவரும் செல்வந்தருமான டியூ-ஸ்மித். ஆசிரியக் குழுவில் இங்கிலாந்தின் நிபுணர்களோடு அமெரிக்கரும் சேர்க்கப்பட்டனர். அமெரிக்காவிலும் அப்போது இத்துறைக்குத் தனிப் பத்திரிகை இல்லையாதலின், இரு நாட்டாருக்கும் இது பொதுவாயிற்று.

ஆரம்ப வருஷங்களிலேயே அரிய விஷயங்கள் அதில் வெளியாயின. லண்டன் வைத்தியர் சிட்னி ரிங்கர் செய்த சோதனை ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். வெளியே எடுத்த தவளையின் இருதயம் வெறும் உப்புக் கரைசலில் நெடுநேரம் துடிக்கிறது என்று 1882-ல் அவர் எழுதினார். பிறகுதான், கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலவாமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தது தெரியவந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்த சுண்ணச் சத்தே இருதயத்தை ஓட்டியது. அவர் அதை மறைக்காமல் அடுத்த வருஷம் அதே பத்திரிகையில் வெளியிட்டார். ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் ரிங்கர் கரைசல் அந்த ஒப்புதலிலிருந்து பிறந்தது. முன்பு அச்சிட்டதை மறு வருஷம் திருத்தி அச்சிடத் தயங்காத பத்திரிகையின் மதிப்பு, திருத்தத்தினால் குறைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அறிவு பெருகியதேயன்றி வரும்படி பெருகவில்லை. சரீர சாஸ்திரப் பத்திரிகையை வாங்குவோர் உலகம் முழுவதிலும் சில நூறு பேரே. படத் தகடுகளுக்கோ செலவு அதிகம். பாஸ்டர் 1881 முதல் ராயல் சொசைட்டியின் காரியதரிசி; 1883 முதல் கேம்பிரிட்ஜின் பேராசிரியர்; இவற்றோடு பாட புஸ்தகமும் கமிட்டிகளும் வேறு. பத்திரிகைக்குக் கடன் ஏறியது. 1894-ல் அது நின்றுவிடும் நிலைக்கு வந்தபோது, லாங்லி கடனையும் பொறுப்பையும் ஏற்று அதைத் தம் உடைமையாக்கிக்கொண்டார். அவ்வேளையில் அவர் பேராசிரியருமல்லர். கலாசாலையில் போதகர், அவ்வளவே. ஸ்தாபகரின் பெயர் முகப்பில் மரியாதையாகத் தொடர்ந்து நின்றது. வேலை முழுவதும் லாங்லியினுடையது.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். வரும் கட்டுரைகளை அவர் பிறர் பொறுப்பில் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் தாமே வரி வரியாகப் படிப்பார். சோதனை சொல்லும் முடிவைக் காட்டிலும் எழுதியவர் சொல்லும் முடிவு பெரிதாயிருந்தால், அங்கே பேனா இறங்கும். ஒரே விஷயத்தை முன்னுரையிலும், நடுவிலும், முடிவிலும் திருப்பிச் சொல்லியிருந்தால், இரண்டு இடங்களில் கோடு விழும். அட்டவணை போதுமென்ற இடத்தில் வர்ணனை நீங்கும். இளைஞரின் கட்டுரையானால், சில சமயம் முழுவதையும் மாற்றி எழுதியே அனுப்பிவிடுவார். பத்துப் பக்கம் கொடுத்தவர் நான்கு பக்கம் திரும்பி வருவதைக் கண்டு மனம் புழுங்கியதுண்டு. பெரிய மனிதர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் அவர்களில் பலர், சாஸ்திரம் எழுதும் வகையைத் தாம் கற்றது அந்தத் திருத்தங்களிலிருந்தே என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைத்தனர். பகல் முழுவதும் சோதனைச்சாலையில் தம் சொந்த ஆராய்ச்சியையும், மாணவர் வேலையையும் நடத்தியவர், இதையும் செய்தார் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

பக்கம் குறைந்தால் செலவு குறையும் என்ற கணக்கும் இதில் உண்டு. அதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. கடனில் வாங்கிய பத்திரிகையைச் சொற்சிக்கனத்தால் நிமிர்த்தியவர் அவர். வீண் வார்த்தைக்கும் அச்சுக்கூலி உண்டு என்பதை, பணம் கொடுக்கிற ஆசிரியரைப்போல் வேறு யார் உணர்வார்?

அவர் காலத்தில் அப்பத்திரிகையில் வெளியானவற்றைச் சொல்லப் புகுந்தால் இப்பக்கம் போதாது. 1902-ல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து சென்று கணையத்தைத் தூண்டும் செக்ரீட்டின் என்ற பொருளைக் கண்டறிந்து எழுதினர். நரம்பு மட்டுமே தூதன் என்றிருந்த கொள்கை அன்று ஆட்டங்கண்டது. 1905-ல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் மூச்சின் வேகத்தை நிர்ணயிப்பது கரியமில வாயுவே என்று காட்டினர். 1912-ல் ஹாப்கின்ஸ், சுத்தப்படுத்திய உணவை மட்டும் கொடுத்து வளர்த்த எலிக்குஞ்சுகள் வளர்ச்சியின்றித் தேங்குவதையும், சிறிதளவு பால் சேர்த்தவுடன் அவை வளர்வதையும் வெளியிட்டார். இவற்றுள் நமக்கு மிக நெருக்கமானது 1911-ல் காஸிமிர் பங்க் எழுதியது. தீட்டிய அரிசியையே தின்ற பறவைகளுக்கு நரம்பு நோய் கண்டதையும், அரிசியிலிருந்து நாம் தள்ளிவிடும் தவிட்டில் அதைத் தீர்க்கும் பொருள் இருப்பதையும் அவர் ஆராய்ந்தார். வைட்டமின் என்ற பெயரை மறு வருஷம் அவரே வழங்கினார். பெரிபெரி என்ற நோயால் அரிசி உண்ணும் தேசங்களில் மாண்ட மக்களை நினைப்போர்க்கு, கேம்பிரிட்ஜில் ஒருவர் இரவில் விளக்கடியில் திருத்திய அச்சுப்பிரதிகள் அந்நியமாகத் தோன்றா.

லாங்லி தம் ஆராய்ச்சியையும் நிறுத்தவில்லை. 1889-ல் டிக்கின்ஸன் என்பவரோடு சேர்ந்து, புகையிலையின் விஷமாகிய நிகோடினை ஒரு நரம்பு முடிச்சின்மீது தடவினால், அங்கே முடிவடையும் நரம்புகளின் வழி அடைபடுகிறதென்றும், வெறுமனே கடந்து செல்லும் நரம்புகள் பாதிக்கப்படுவதில்லையென்றும் கண்டிருந்தார். எந்த நரம்பு எங்கே தங்குகிறது என்பதை அறியும் சாவி இதனால் கிடைத்தது. அச்சாவியைக் கொண்டு பல வருஷம் உழைத்து, உள்ளுறுப்புக்களை ஆளும் நரம்புகளின் படத்தை அவர் வரைந்தார். அவ்வமைப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கப் பண்டிதர் ஜெப்பைக் கலந்துகொண்டு, 1898-ல் ஆட்டோனாமிக் என்ற சொல்லை வழங்கினார். தன்னைத்தானே ஆள்வது என்பது பொருள். நமது ராஜீயப் பேச்சில் சுயாட்சி என்றிருப்போம். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் இந்நரம்புகள் கட்டுப்பட்டவையாதலின், பெயர் குறிக்கும் சுதந்திரம் உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று லாங்லியே பின்னர் எழுதிவைத்தார். 1935-ம் வருஷத்துச் சட்டம் அளித்த மாகாண சுயாட்சிக்குப் பெயரிட்டவர்களிடம் இவ்வளவு நேர்மையை நாம் கண்டதில்லை. 1905-ல், மருந்து நரம்பு நுனியில் வேலை செய்யாமல், அணுவிலுள்ள ஏற்கும் பொருள் ஒன்றிலேயே வேலை செய்கிறது என்ற கருத்தையும் அவர் வெளியிட்டார். பிற்கால மருந்து நூல் அக்கருத்தின்மீதே எழும்பி நிற்கிறது.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஒரு துறையின் தலையாய பத்திரிகை தனி மனிதரின் உடைமையாகவும், அதே மனிதர் அத்துறையின் பெரிய ஆராய்ச்சியாளராகவும் இருப்பது ஆபத்தற்ற காரியமன்று. எலியட் என்ற இளைஞர் லாங்லியின் சோதனைச்சாலையிலேயே வேலை செய்தவர். நரம்புச் செய்தி உறுப்பை அடையும்போது, அங்கே அட்ரீனலின் வெளிப்பட்டுச் செய்தியை ஒப்படைக்கிறதோ என்ற அற்புதமான யூகத்தை 1904-ல் சரீர சாஸ்திர சங்கத்திற்குக் கொடுத்த சிறு குறிப்பில் அவர் வெளியிட்டார். அடுத்த வருஷம் பத்திரிகையில் வந்த அவரது நீண்ட கட்டுரையில் அந்த யூகம் இல்லை. லாங்லியின் குளிர்ந்த பார்வையே அதை விலக்கியது என்று பின்வந்தோர் ஐயுற்றனர். உறுதியான சாட்சியம் கிடையாது. ஆனால் யூகங்களை அவர் விரும்பாதவர் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்தக் கருத்து மெய்யென்று தவளை இருதயங்களைக் கொண்டு ஆட்டோ லோவி காட்டியது 1921-ல். அதற்காக அவருக்கும் டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1936-ல். எலியட்டோ வைத்தியத் தொழிலுக்குச் சென்றுவிட்டார். வீண் பேச்சை அறுக்கும் கத்தி, சில வேளை முளையையும் அறுத்துவிடும். நூறு களைக்கு ஒரு முளை போனாலும் சாஸ்திரத்துக்கு லாபமே என்று சிலர் வாதிக்கலாம். அந்த ஒரு முளை எது என்பதைப் பொறுத்தே அவ்வாதத்தை ஏற்க முடியுமென்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1898-ல் ஹார்வர்டைச் சேர்ந்த போர்ட்டர் தம் சொந்தப் பொறுப்பில் அமெரிக்கன் ஜர்னல் ஆப் பிஸியாலஜியை ஆரம்பித்தார். அதுவரை கேம்பிரிட்ஜுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கட்டுரைகள் அங்கே திரும்பின. போர்ட்டரும் லாங்லியைப்போலவே சுமந்தார். ஆனால் 1914-ல், தாம் உயிரோடு இருக்கும்போதே, அந்நாட்டுச் சரீர சாஸ்திர சங்கத்திற்கு அதை ஒப்படைத்துவிட்டார். இங்கிலாந்திலும் 1876 முதல் அவ்விதச் சங்கம் உண்டு. பிராணிகள்மீது செய்யும் சோதனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வரவிருந்த வேளையில் நிபுணர்கள் தற்காப்பாகக் கூடியபோது பிறந்தது அது. அதன் நடவடிக்கைகள் லாங்லியின் பத்திரிகையிலேயே அச்சாயின. இருந்தும் பத்திரிகை சங்கத்துக்குச் சொந்தமாகவில்லை. லாங்லி கையை விடவில்லை. பிறர் கையில் தரம் தாழும் என்று அஞ்சினாரோ, பழகிய பாரத்தை இறக்க மனம் வரவில்லையோ, நாம் ஊகிக்கத்தான் முடியும். நமது நாட்டிலும், பத்திரிகையைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்து, பிறர் தொடுவதையும் பொறாதவர்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை கூறுவோர், அவர்கள் பட்ட கடனில் பங்குகொள்ள வந்ததில்லை.

1903-ல் பாஸ்டர் ஓய்வுபெற, லாங்லி பேராசிரியரானார். 1914-ல் புதிய சோதனைச்சாலைக் கட்டிடம் திறக்கப்பட்டது; உடனே யுத்தம் மூண்டு, இளைஞர்கள் போய்விட்டனர். பத்திரிகை யுத்த காலத்திலும் நிற்காமல் வந்தது. தமது நரம்பாராய்ச்சியைச் சுருக்கிய சிறு நூலின் முதல் பாகத்தை 1921-ல் அவர் வெளியிட்டார். இரண்டாம் பாகம் வரவேயில்லை. இளமையில் படகு வலிப்பதிலும், டென்னிஸ் ஆட்டத்திலும், பனிக்கட்டியின்மீது சறுக்குவதிலும் சமர்த்தரான அவர், முதுமையிலும் சோதனை மேஜையை விட்டு அகலவில்லை. 1925-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி, நிமோனியா ஜுரத்தால் கேம்பிரிட்ஜில் காலமானார். 1894 முதல் நாற்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் அவர் கையால் வெளிவந்திருந்தன.

மறு வருஷம் சரீர சாஸ்திர சங்கம் அவர் மனைவியிடமிருந்து பத்திரிகையை விலைக்கு வாங்கிற்று. ஒருவர் செய்த வேலைக்கு ஆசிரியர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. இன்றளவும் அது அச்சங்கத்தின் உடைமையாகவே வெளிவருகிறது. லாங்லியின் மறைவுக்குப் பின் வந்த 61-வது தொகுதியின் முதற்பக்கத்திலேயே, அவர் மாணவரும் பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் காரியதரிசியுமான வால்டர் பிளெட்சர் எழுதிய நினைவுக் கட்டுரை தொடங்குகிறது. அது இருபத்தேழு பக்கம் நீள்கிறது. பத்திராதிபர் உயிரோடிருந்திருந்தால், அதில் பாதியையாவது குறைத்திருப்பார்.